விமானத்துக்குக் கிளட்ச் கிடையாது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் ஓரமாக நகர்ந்துவிடுகிறவன். எல்லை பிரித்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போக, எங்கள் ஊர் இந்தப் பக்கம் ஆந்திராவில் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் தெலுங்கு, இரண்டிலும் அரைகுறை. இப்படிப்பட்டவன் எழுதலாமா என்று தயங்கியே பல மாதம் போய்விட்டது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால், புத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. எனக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மாந்தோப்பு. சொந்த டிராக்டர் இருப்பதால் மற்றவர்கள் நிலத்தையும் உழுது கொடுப்பேன். ஒரே மகன். ரேணிகுண்டா விமான நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்த்தான். விமானத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. ஏறிப் பார்த்தது மட்டும் இல்லை.

ஒரு நாள் வேலை முடிந்து பைக்கில் வரும்போது மாடு குறுக்கே வந்ததில் விழுந்தான். முதுகெலும்பில் அடி. புத்தூர் கட்டுப் போடலாம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அது கை கால் முறிவுக்குத்தான். வேலூருக்குக் கொண்டுபோனோம். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அதை மகனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஒரு நாள் அவன் அம்மாவிடம், "என்னை அந்த ரோட்டுலியே விட்டுட்டு வந்திருக்கலாம்மா" என்றான். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. தண்ணீர் கேட்பது போலச் சொன்னான். அன்று சாயங்காலமே கொட்டகையில் இருந்த பூச்சி மருந்து டப்பாக்களை எல்லாம் என் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். தம்பி வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினான்.

நானும் சரியாக இல்லை. விடியும் முன்பே டிராக்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். வேலை இல்லாத நாளிலும் தோப்பில் போய் உட்கார்ந்திருப்பேன். போர்வைக்குள் அசையாமல் கிடக்கும் அந்தக் கால்களை என்னால் பார்க்க முடியவில்லை.

அவனோடு வேலை பார்த்த தெலுங்குப் பையன் ஒருவன், என்னைப் பாபாய், அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவான், ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கம்ப்யூட்டரும் ஒரு அட்டைப் பெட்டியும் கொண்டுவந்தான். திருப்பதியில் யாரோ விற்றதாம். சிமுலேட்டர் என்றான். நிஜ விமானம் எப்படிப் போகுமோ அப்படியே திரையில் போகும், ரேணிகுண்டா ரன்வேயும் அதில் இருக்கிறது என்றான். ஜாய்ஸ்டிக்கை எடுத்து மேஜையில் வைத்தான். பெட்டியின் அடியில் இன்னொன்று இருந்தது. எடுத்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கால் வைத்து மிதிக்கும் இரண்டு பெடல்கள்.

"இது வேணாம் பாபாய். ரட்டர் இது, மூக்கை இடது வலதா திருப்பறதுக்கு. ஜாய்ஸ்டிக்கைத் திருகினாலே அந்த வேலை நடக்கும், கால் தேவையில்ல" என்று அந்தப் பையன் அவசரமாகத் திரும்ப உள்ளே வைக்கப் போனான்.

மகன், "இருக்கட்டும்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "நைனா, நீ உட்காரு."

சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கை அவனுடையது, கால் என்னுடையது. அப்படித்தான் ஆரம்பித்தது.

சின்ன விமானம், முன்னால் ஒரே ஒரு காற்றாடி. வேகம் எடுத்ததும் அது தானாக இடது பக்கம் இழுக்கும். வலது காலால் தாங்க வேண்டும். அதிகம் மிதித்தால் புல்லுக்குப் போய்விடும். மேலே போன பிறகு வேறு கணக்கு. கொத்தனாரின் ரசமட்டம் போல ஒரு குழாயில் கறுப்பு உருண்டை இருக்கும். அவன் ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்துத் திரும்பும்போது உருண்டை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக் காலை மெதுவாக அழுத்த வேண்டும். நான் முதலில் அழுத்திய அழுத்தலில் விமானம் பாம்பு மாதிரி நெளிந்தது.

"எருமையை ஓட்டிக்கினு போறியா நைனா? காலை வைச்சா போதும், உதைக்காதே."

"வைச்சுக்கினுதான்டா இருக்கேன்."

"இதுக்குப் பேரு வைக்கிறதா?"

பல மாதத்துக்குப் பிறகு அவன் என்னைத் திட்டியது அன்றுதான். எனக்கு அது போதும் போல இருந்தது.

மேலே பறப்பது ஒருவழியாகப் படிந்தது. இறங்குவதுதான் படியவில்லை. சக்கரம் தரையில் பட்டதும் என் இடது கால் முழுசாக மிதித்துவிடும். விமானம் இடது பக்கம் வெட்டி ஓடிக் கவிழும். ஏனென்று எனக்கே புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. முப்பது வருஷ டிராக்டர் பழக்கம். வண்டியை நிறுத்த வேண்டும் என்று மனசு நினைத்தால் இடது கால் கிளட்சுக்குப் போய்விடும். அதை நான் சொல்லி அனுப்புவதில்லை, தானே போகிறது.

தினமும் சாயங்காலம் இறங்கினோம், தினமும் கவிழ்ந்தோம். ஒரு நாள் நான் கை கால் கழுவிக்கொண்டிருக்கும்போது உள்ளே அவன் அம்மா கேட்பது காதில் விழுந்தது. "திருகினாலே போதும்னு அந்தப் பையன் சொன்னானே. உழுதுட்டு வர மனுசனை ஏன்டா இந்தப் பாடு படுத்தற?"

"வேற எப்பம்மா அவரு எங்கிட்ட வந்து உட்காருவாரு" என்றான்.

குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன். என்னை அவன் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கேட்காதவன் போல முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அன்று திரையில் மலைப் பக்கமிருந்து காற்று. மேற்கிலிருந்து வந்து இறங்கினால் திருமலை இடது கைப் பக்கம் இருக்கும். காற்றும் அங்கிருந்துதான். விமானம் மூக்கைக் காற்றுக்கு எதிராக வைத்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் வந்தது. தரை தொடும் நேரத்தில் வலது காலால் மூக்கை நேராக்கி, தொட்ட பிறகும் விடாமல் தாங்க வேண்டும். இடது கால் பட்டால் எல்லாம் போயிற்று.

"ஓடறதைப் பாத்தா நிறுத்தணும்னு தோணுதுடா" என்றேன். "கால் எம்பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் கால் மட்டும் கேக்குதா? விடு" என்றான். பிறகு, "இந்தப் பெடல் நிறுத்தறதுக்கு இல்ல நைனா. நேரா வெச்சுக்கறதுக்கு. வேகம் அதுவா குறையும். நீ நிறுத்தணும்னு பாக்காதே."

அவன் வாயால் அவன் காலைப் பற்றி எங்களிடம் பேசியது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைப் பெடலில் வைத்தேன்.

ரன்வே பெரிதாகிக்கொண்டே வந்தது. "வலது... இன்னும்... அப்படியே புடி." சக்கரம் பட்டது. இடது கால் துடித்தது. துடித்ததே தவிர மிதிக்கவில்லை. விமானம் வெள்ளைக் கோட்டின் மேல் ஓடியது. வலது காலைத் தாங்கிப் பிடித்தபடியே இருந்தேன்.

"வுட்டுடாத நைனா. இன்னும் ஓடுது."

"வுடலடா."

வேகம் மெல்ல மெல்லக் குறைந்து, அது தானாக ஓய்ந்து நின்றது. நின்ற பிறகு அவன் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான். நான் எழுந்து போகவில்லை. முதல் தடவையாக அந்தக் கால்களை, கண்ணை எடுக்காமல் பார்த்தேன். மெலிந்திருந்தன. என் அப்பா கால் மாதிரியே கட்டை விரல் கொஞ்சம் வளைந்திருந்தது. பிறந்தபோது பார்த்தது, மறந்துபோயிருந்தேன்.

அவன் நடக்கப்போவதில்லை. அந்த டாக்டர் சொன்னது பொய்யாகவில்லை. நடந்ததை நிறுத்தி வைக்க என்னால் முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து கோணாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான் முடியும் என்பதை என் மகன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான். இன்றும் மனசு தடுமாறும் போதெல்லாம் அவன் அன்று சொன்ன 'வுட்டுடாத நைனா'தான் காதில் கேட்கிறது.

மறுநாள் கரண்ட் இல்லை. டிராக்டரை எடுக்காமல் அவனை நாற்காலியோடு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். மதியம் வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.