ஏகாம்பரம் புள்ளி வைத்த தாள்

ஏகாம்பரம் இறந்த செய்தி எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. எங்களிடம் ரோலர் ஓட்டிய கரீம் பாய் வேலூருக்குப் போன் செய்தார். "பால் தெளிச்சாச்சு மேடம். உங்களுக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சுகினு இருந்தேன்" என்றார். யாரும் சொல்லவில்லை. போனை வைத்ததும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றைப் பல வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்திருக்கலாம்.

ஆரணியில் அந்த ரோடு கான்ட்ராக்டரிடம் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தார் போட்ட இடம் பழுதானால், எஸ்டிமேட் போடுவதற்கு முன் போய்ப் பார்த்து அளந்து வருவது அவர் வேலை. அந்த அளவை வைத்துக் கணக்கிட்டு எழுதுவது என் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில், பொறியியல் படித்த ஒரே பெண்ணாக அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவருடைய மெதுவான போக்கு பெரிய தொல்லை.

ஒருமுறை ஒரு ரைஸ் மில் முற்றத்தைப் பார்க்கப் போனோம். நெல் லாரிகள் திரும்பித் திரும்பி, தார் வலை வலையாக வெடித்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தார். அமுங்கும் இடம் காலுக்குத்தான் முதலில் தெரியும் என்பார். பிறகு மில்காரரிடம் ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வெயிலில் குடையோடு நின்றேன்.

"ஏகாம்பரண்ணா, டேப்பைப் பிடிங்க. ஜல்தி."

"தண்ணி எங்க போவுதுன்னு பாத்துகினு இருக்கேன் மேடம். டேப்பு எங்கயும் ஓடிப் போவாது."

தண்ணீர் சுவரோரம் போய் வெடிப்புக்குள் இறங்கியது. வடிகால் இல்லாமல் மேலே எத்தனை தார் போட்டாலும் நிற்காது என்றார். அன்று முதலாளி அவர் பேச்சைக் கேட்டார். எனக்குள் அதுவும் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்து வந்தது நெசவாளர் குடியிருப்புத் தெரு. அவர்கள் சங்கமே பராமரிக்கும் தார்த் தெரு. நானூறு அடி இருந்தால் அதிகம். இருபுறமும் ஓரம் ஓரமாகக் குழி. உடனே எஸ்டிமேட் வேண்டும் என்று முதலாளி நெருக்கினார். ஏகாம்பரம் இரண்டு நாள் விடியற்காலையில் போய்விட்டு வந்து ஒரு தாளைக் கொடுத்தார். குழிகளின் நீள அகலம் இருந்தது. அதோடு தெரு நெடுக பென்சிலில் புள்ளி புள்ளியாக வைத்திருந்தார்.

"இது என்ன, கோலமா?" என்றேன்.

"முளை அடிச்ச ஓட்டைங்க மேடம். காலையில தறிக்குப் பாவு போட பட்டு நூலைத் தெருவுல இழுத்துக் கட்டுறாங்க இல்ல? இழுத்துப் புடிக்க ரெண்டு பக்கமும் கடப்பாரை கணக்கா முளை அடிக்கிறாங்க. வேலை முடிஞ்சா புடுங்கிகினு போயிடுறாங்க. அந்த ஓட்டையில தண்ணி எறங்குது. எங்க புள்ளி கீதோ அங்கதான் குழி."

தாளின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்: முளை அடிக்கும் இடங்களில் கான்கிரீட்டில் மூடியோடு குழாய் பதிக்க வேண்டும், முளையை அதில் செருகிக்கொள்ளலாம்.

"இது ரோடு எஸ்டிமேட்டா, மாட்டுக் கொட்டகை எஸ்டிமேட்டா?" என்று கேட்டு, சிவப்பு மையால் அந்த வரியை அடித்தேன். அவர் சிரித்தார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்தக் குணத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தெரு கண்ணாடி மாதிரி முடிந்தது. பெருமையோடு மறுவாரம் காலையில் பார்க்கப் போனேன். ஒரு பெண் சம்மட்டியால் புதுத் தாரில் முளை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ரோடு சூப்பரா கீதும்மா. முளை கொஞ்சங்கூட ஆடல, பாரு!" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். அலுவலகத்தில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

முதல் மழைக்கே குழிகள் திரும்பி வந்தன. சங்கத் தலைவர் அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்டார். அவர் போனதும் முதலாளி நம் எல்லோர் முன்னாலும் ஏகாம்பரத்தைப் பிடித்துக்கொண்டார். "நீ சைட்டைப் பாத்தியா, டீக்கடையைப் பாத்தியா?"

ஏகாம்பரம் என்னை ஒருமுறை பார்த்தார். அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் ஃபைலைப் புரட்டினேன்.

"இன்னொருவாட்டி பாத்திருக்கணும் சார்" என்றார் அவர்.

மறுநாளிலிருந்து சைட் பார்க்க வேறு ஆள். அவரைத் தார் டிரம் எண்ணும் குடோனுக்கு மாற்றினார்கள். மண்ணையும் தண்ணீரையும் பார்க்கத் தெரிந்த மனிதர் அங்கே வேலையில் இருந்த வரை டிரம் எண்ணினார். ஒரு நாள் குடோன் வாசலில் கோபமாகவே கேட்டேன்: "ஏண்ணா, அன்னைக்கு ஏன் நீங்க சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன் மேடம்" என்றார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பிறகு நான் வேலூருக்கு வந்துவிட்டேன். அவர் சொந்த ஊரான தேவிகாபுரத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆரணியில் இறங்கி இன்னொரு பஸ் ஏறினால் அவர் வீடு. ஆரணிக்கு எத்தனையோ தடவை போனேன். அந்த இரண்டாவது பஸ்ஸில் மட்டும் ஏறவில்லை.

அன்று அந்த அறையில் இருந்தவர்களே, ஏகாம்பரம் சரியாகப் பார்க்காமல் வந்துவிட்டார் என்றுதான் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவர் பார்த்தார். எழுதியும் கொடுத்தார். அடித்தது நான். வாய் திறக்காமல் இருந்ததும் நான்.

வேலையை விட்டபோது அந்தத் தாளை எடுத்து வந்தேன். அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். பென்சில் புள்ளிகள் அநேகமாக அழிந்துவிட்டன. சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது.