நாலு கோடு, ஒரு குறுக்குக் கோடு

பதினெட்டு வருடமாக அவருக்கு வேலை, சாலையோரம் உட்கார்ந்து வண்டி எண்ணுவது. நாலு வண்டிக்கு நாலு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒன்று. அதனால் டீக்கடைக்காரர் அவருக்கு வைத்த பெயர் ‘கோடு’.

இந்த முறை எண்ணச் சொன்ன இடம் அவர் வீட்டு வாசல். சாலைக்கு அந்தப் பக்கம் மனைவி வேலை பார்க்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. நடுவே ஓயாத லாரிகள். போன வருடம் அவளோடு வேலை பார்த்த இரண்டு பெண்கள் கடக்கும்போதே லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வேகத்தடை, ஒரு விளக்கு, கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட் போதும் என்று சாலைத்துறை இன்ஜினீயர் சிக்கனமாகத் திட்டம் எழுதியிருந்தார். எண்ணிக்கை மட்டும் பாக்கி.

“ஒண்ணுகூட விடாதய்யா கோடு. கூட்டம் எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் மேல இருக்கிறவங்களுக்கு உறைக்கும்” என்றார் டீக்கடைக்காரர்.

விடவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு இந்த வேலை பார்க்கிற எல்லாரும் குத்துமதிப்பாக ஒரு எண் போடுவார்கள். இவர் மடியில் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே எண்ணினார், மூன்று நாளும். நடப்பவர்களுக்குப் படிவத்தில் கட்டமே இல்லை. ஓரத்தில் பென்சிலால் அவரே ஒன்று போட்டார்.

“என்னையும் எண்ணுனீங்களா?” என்றாள் மனைவி.

“ஆறு தடவை.”

“அடேங்கப்பா! கல்யாணமாகி என்னை இவ்வளவு உத்துப் பார்த்தது இப்பத்தான்.”

இரண்டு மாதம் கழித்து இன்ஜினீயர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“ஒரு நாளைக்கு எட்டாயிரம் வண்டிக்கு மேல போனா வேகத்தடை போடக்கூடாதாம், அண்ணே. மேம்பாலம்தானாம். அது நம்ம காலத்துல நடக்காது. நீங்க எட்டாயிரத்து நாற்பது காட்டியிருக்கீங்க.”

நாற்பது. வழக்கமான குத்துமதிப்பு என்றால் நூறு வண்டியாவது குறைந்திருக்கும்.

“நடக்கிறவங்களையும் எழுதியிருந்தேனே சார்?”

“படிவத்துல இல்லாததை டைப் அடிக்கலை.”

“திரும்ப எண்ணட்டுமா?”

“இனி அஞ்சு வருஷம் கழிச்சுத்தான்.”

மறுநாள் காலை சாப்பாட்டுப் பையோடு அவள் சாலையோரம் நின்றாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

“வேகத்தடை எப்ப வருதாம்?”

“வரும்.”

“விடுங்க, நேரமாச்சு.”

இடைவெளி பார்த்து ஓடினாள். லாரிகள் மறைத்தன. பழக்க தோஷம், எண்ணிக்கொண்டே நின்றார். பதினேழாவது வண்டி போன பிறகுதான் எதிர்ப்பக்கம் அவள் தலை தெரிந்தது.

சாயங்காலம் அவள் திரும்பி வரவேண்டும்.