அக்காவுக்குப் போகாத லேகியம்

தென்னாப்பிரிக்காவோடு இந்தியா வியாபாரத்தை நிறுத்தியது சரியா என்று அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விவாதம் வைத்தார்கள். நாற்பத்தாறாம் வருஷம். சரி என்று பேசப்போனவர் அங்கே வாத்தியாராக இருந்த என் வீட்டுக்காரர். கண்ணாடி முன் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பழகினார்.

எனக்கானால் இருப்புக் கொள்ளவில்லை. என் அக்கா வாக்கப்பட்டிருந்தது அந்த நாட்டு டர்பனில். பிள்ளையே இல்லை என்று நாங்கள் மனசைத் தேற்றிக்கொண்ட வயசில் முழுகாமல் இருந்தாள். அம்மா பிரசவ லேகியம் கிண்டி, தகர டப்பாவில் அடைத்து, எப்படியாவது அனுப்பிவிடு என்று என் கையில் கொடுத்திருந்தாள். தபாலாபீசில் அந்த நாட்டுக்குக் கடுதாசிதான் போகும், சாமான் போகாது என்று திருப்பிவிட்டார்கள். டப்பா அடுக்குப்பானை மேலேயே உட்கார்ந்திருந்தது.

விவாதத்தில் அவர் நன்றாகத்தான் பேசினார். நம் ஜனங்கள் அங்கே ஆசைப்பட்ட இடத்தில் மனை வாங்க முடியாது, வெள்ளைக்காரன் தெருவில் குடியிருக்க முடியாது என்றபோது எனக்கே ரத்தம் கொதித்தது. அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். நம் ஊரில் ஒருத்தன் திமிராக ஆடினால் கட்டுப்பாடு போட்டு ஊரே ஒதுக்கிவைக்கிறோம், சவரம் கிடையாது, வெளுப்பு கிடையாது, அடுப்புக்கு நெருப்புகூடக் கிடையாது, நாலே நாளில் வெற்றிலை பாக்கோடு மன்னிப்புக் கேட்டு வந்து நிற்கிறானா இல்லையா என்று கேட்டார். கைதட்டல் அடங்கவே இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்துவிட்டேன்.

"நான் சின்னப்புள்ளையா இருக்கப்ப எங்க வூட்டுக்கும் கட்டுப்பாடு போட்டாங்க. எங்கப்பா டவுனுக்குப் போயி சவரம் பண்ணிக்கிட்டு, கிளப்புக் கடையில சாப்புட்டுட்டு வந்தாரு. புள்ள பெத்த பச்ச ஒடம்போட நெருப்பு கேட்டு நின்னது எங்கம்மா."

கூட்டத் தலைவர் கை தூக்கச் சொன்னபோது என் வீட்டுக்காரர் பக்கம்தான் ஜெயித்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் நாலு எட்டு முன்னாலேயே நடந்தார். அந்த நாட்டுக் கேடுகெட்ட அரசாங்கத்தின் மேல் ஆத்திரம், இவர் மேலும் ஆத்திரம். எதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

மறு வருஷம் வரதராஜன்பேட்டைக்காரர் ஒருவர் டர்பனிலிருந்து கப்பலில் வந்தார். அக்கா சொல்லியனுப்பியதைச் சொல்ல வீடு தேடி வந்தார்.

"புள்ளையும் தாயும் நல்லா இருக்காங்க. லேகியம் வரலன்னு அழுதுச்சாம். ஆனா அதுக்காவ யாரும் தடைய எடுக்கச் சொல்லி வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லச் சொன்னுச்சு. 'அது இல்லாம நான் சமாளிச்சுக்குறேன், எம்புள்ள நாளைக்கு அந்த வெள்ளக்காரன் தெருவுல நடக்கணும்'னுச்சு."

வந்தவர் போனதும் என் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார், அன்றைக்குத் தான் பேசியது சரியாகத்தானே போயிற்று என்று.

"அத நீங்க சொன்னா சரியில்லீங்க," என்றேன். "அவ சொன்னாத்தான் சரி."