வக்காக் குஞ்சுக்குத் தயிர்சாதம்

சின்ன வெள்ளி ஸ்பூன் அது. நுனியில் குழையப் பிசைந்த தயிர்சாதம். வீட்டுக்கார மாமி அதை வக்காக் குஞ்சின் அலகுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார். குஞ்சு தலையைத் திருப்பிக்கொண்டது. ஏணியில் நின்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஐந்து பேரோடு ஓர் அறையில் படுத்துக்கொண்டு, கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை, அதற்கும் முன் லாரியில் கிளீனர். எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. மயிலாப்பூரில் அந்த வீட்டைப் பொங்கலுக்குள் வெள்ளையடித்து முடிக்க வேண்டும். வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதில் வக்காக்கள் கூடு கட்டியிருந்தன. கொக்கு இனம்தான், இருட்டியதும் இரை தேடப் போகும். முந்தின நாள் அடித்த காற்றில் இரண்டு குஞ்சுகள் விழுந்துவிட்டன. தனியாக இருந்த மாமி இரண்டையும் மூங்கில் கூடையில் வைத்து, வீட்டில் இருந்ததிலேயே நல்லதைக் கொடுத்தார்.

நான் அடையாற்றங்கரைக் குடிசையில் வளர்ந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டாலும் வக்கா என்ன தின்னும் என்று தெரியும். சொல்லவில்லை. வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டில், கூலிக்கு வந்தவன் மீன் பேச்சை எடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலை ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. அலகோரம் தயிர் காய்ந்திருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாமி சொன்ன இடத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறினேன்.

"இன்னொண்ணும் வாயே தொறக்க மாட்டேங்கறதுப்பா," என்றார் மாமி கீழே நின்று. "பசும்பால் குடுத்துப் பாக்கட்டுமா?"

"அது மீன் திங்கும் மாமி."

கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார். "பொடி மீனாக் கிடைக்குமோ?" என்றார்.

மார்க்கெட்டில் மீன்காரம்மா சிரித்தாள். "இன்னா நைனா, மாமி வூட்டுக்கா நெத்திலி? இனிமே கோயில் வாசல்லயே கடை போட்டுக்கறேன்!"

மீன் வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை; கூடைதான் வெளியே வந்தது. மாமி முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இடுக்கியால் மீனைப் பிடித்து நீட்டினார். முதல் மீனுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். குஞ்சு வெடுக்கென்று பிடுங்கி விழுங்கியது. இரண்டாவதற்கு மூடவில்லை. காலையும் மாலையும் இப்படி ஊட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் கிணற்றடியில் தலைக்குக் குளித்தார். மார்கழிக் குளிர்.

எதிர் ஃபிளாட் சங்கத்தின் செயலாளர் வந்தார். "காரெல்லாம் எச்சம் மாமி. நாத்தம் வேற. நாளைக்கு ஆள் வந்து கிளையெல்லாம் வெட்டப் போறான்."

"குஞ்செல்லாம் பறக்கற வரைக்கும் மரத்துல கை வைக்காதேள். மாசி பொறந்தா நானே ஆள் கூப்பிடறேன். அதுவரைக்கும் உங்க காரை நான் துடைக்கறேன்."

அவர் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் விடிந்ததும் மாமி வாளியும் துணியுமாக அந்தக் கார் அருகே நின்றார். அதற்கு அடுத்த நாளும் நின்றார். மூன்றாம் நாள் செயலாளர் துணியைப் பிடுங்கிக்கொண்டு காரைப் பக்கத்துச் சந்தில் நிறுத்தினார். மரம் வெட்ட யாரும் வரவில்லை.

குஞ்சு தெம்பாகி இறக்கையடித்தபோது, என் ஏணியைப் போட்டுக் கூடையைக் கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் கட்டினேன். சாயங்காலம் ஒரு பெரிய வக்கா வந்து கூடை விளிம்பில் நின்று குஞ்சுக்கு இரை கொடுத்தது. மாமி அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மீன் திங்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமோ?"

"இல்ல மாமி. அன்னிக்குத்தான் ஞாபகம் வந்தது."

"எனக்குத் தெரியாமப் போச்சே. அந்த இன்னொண்ணை நான்னா கொன்னுட்டேன்," என்றார்.

நான் சுண்ணாம்பு மட்டையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இப்போது எந்த ஊரிலாவது யாராவது விழுந்த குஞ்சோடு நின்றால், கேட்காமலே போய்ச் சொல்கிறேன்: கண்டதை ஊட்டாதீர்கள், முடிந்தால் கூட்டருகிலேயே கட்டிவிடுங்கள், தாய் வரும். உனக்கென்ன என்று சிலர் விரட்டுவார்கள். எனக்கு முன்னாடியே தெரியும் என்பதை மாமியிடம் மட்டும் சொல்லவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் வேலை முடிந்தது. நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன்.