டெனர் வரிசையில் ஏழு நாள்

செம்பூரில் கழித்த அந்தப் பத்து நாட்களை நினைத்தால் பாட்டுக்கு முன்னால் எனக்குத் தூக்கம்தான் ஞாபகம் வருகிறது. நின்றால் வரும், உட்கார்ந்தால் வரும், படுத்தால் மட்டும் வராது.

யுத்தம் முடியாத காலம். பம்பாயில் ரேஷன் வந்திருந்தது. மாட்டுங்காவில் ஒரு ரேஷன் ஆபீசில் நான் குமாஸ்தா. அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் தாராவியில் தோல் கிடங்கில் வேலை செய்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலில் அறிவிப்பு வாசித்தார்கள். செம்பூரில் ஒரு மடத்தில் பத்து நாள் தங்கிப் பாட்டுக் கற்கலாம். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் கோயில்களுக்காக எழுதிய பாட்டு. வாத்தியம் கிடையாது, நாலு குரல் மட்டும். இசை எழுத்தைப் பார்த்துப் பாடப் பழக்குவார்கள். கடைசி ஞாயிறு சாயங்காலம் ஹாலில் எல்லாருக்கும் பாடிக் காட்ட வேண்டும்.

எழுத்தைப் பார்த்துப் பாடுவது என்ற வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் கோயிலில் உபதேசியார் ஒரு அடி பாடி முடிப்பார். நாங்கள் அதைத் திருப்பிப் பாடுவோம். எங்களுக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான். பெயர் கொடுத்தேன். கொடுத்ததை ஐயா கிடங்கு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அவரவர் ரேஷன் அரிசியையும் சர்க்கரையையும் கொண்டுவர வேண்டும் என்பது விதி. இன்னொரு விதி, பத்து நாளும் அங்கேயே தங்க வேண்டும். எனக்கு லீவு கிடைத்தது வெள்ளியும் சனியும் மட்டும். திங்கள் முதல் காலையில் ஐந்து மணிக்குப் பயிற்சி, பிறகு குர்லாவில் வண்டி மாறி ஆபீஸ், சாயங்காலம் திரும்பி வந்து மறுபடி பயிற்சி என்று பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் சாமியாரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன்.

சாமியார் வெள்ளைக்காரர். பம்பாய்க்கு வருமுன் திருநெல்வேலிப் பக்கம் பல வருஷம் இருந்தவர். அதனால் எங்கள் ஊர்த் தமிழையே மூக்கால் பேசுவார். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். ஊதா மையில் படியெடுத்தது. என் தாளில் டெனர், அதாவது ஆண்களில் உயர்ந்த குரலுக்கான வரி மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் என்ன பாடுகிறார்கள் என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மேல் குரல்கள் இரண்டையும் கான்வென்ட் டீச்சர்மார் பாடினார்கள். அடியில் பேஸ் குரலுக்கு முக்கியமான ஆள் ஒரு கோவாக்காரர். ரயில்வே கார்டு, ஐயா வயது இருக்கும். டெனருக்கு நாங்கள் மூன்று பேர். இரண்டு பேர் போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார் சாமியார். வியாழக்கிழமை காலையில் ஒருவரைக் கழிப்பார். பாந்திராவிலிருந்து வந்தவர் சின்ன வயதிலிருந்தே இந்தப் பாட்டைப் பாடுகிறவர். அவரைக் கழிக்கப் போவதில்லை. மிச்சம் நானும் ஒரு மாட்டுங்கா ஐயர் வீட்டுப் பையனும். கர்நாடக சங்கீதம் கற்றவன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. சாப்பாடு மட்டும் வீட்டிலிருந்து கேரியரில் வரும்.

அவனுக்கும் ஒரு குறை இருந்தது, எனக்கும் ஒன்று. அவனால் ஒரு ஸ்வரத்தை அசைக்காமல் நிறுத்த முடியாது. "ஆட்டாத ஆட்டாத, அது என்ன தொட்டிலால?" என்று சாமியார் கத்துவார். என் குறை வேறு. அந்தப் பாட்டில் முதல் குரல் ஒரு அடியைத் தொடங்கும், அது முடியுமுன்பே அடுத்த குரல் அதே அடியைப் பிடிக்கும், அதற்குள் அடுத்தது. டெனர் கடைசி. பேஸ் தொடங்கி எட்டு எண்ணியதும் நான் நுழைய வேண்டும். பேஸ் தன் அடியை முடிப்பதோ பதினாறில். நான் எட்டு எண்ணுவேன், மூச்சும் இழுத்துவிடுவேன். பக்கத்தில் அந்தக் கார்டு கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருப்பார். பெரிய மனுஷர் பாடி முடிக்கட்டும் என்று வாய் தானாக நின்றுவிடும்.

"ஏல, அவர் முடிக்கணும்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல சாமி."

கார்டு சிரித்தார். "அரே பாபா, ஆ ஜாவ்! உள்ளே வந்துவிடு, நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன்" என்றார் இந்தியில்.

மாட்டுங்காக்காரன் என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போனான். "ஓய், நீர் ஆளைப் பாத்துப் பாடறீர். எண்ணிக்கையைப் பாத்துப் பாடும். விரல்ல போட்டுண்டு வாரும், தானா வந்துடும்."

"எண்ணத் தெரியுதுங்க. வாய்தான் தொறக்க மாட்டேங்குது."

"அப்போ அவர் பக்கம் திரும்பாதேயும்."

அவன் சொன்னபடி சுவரைப் பார்த்துப் பழகினேன். திங்களன்று நாலு தடவையில் ஒரு தடவை சரியாக நுழைந்தேன். செவ்வாயன்று இரண்டு. ஆபீசில் ரேஷன் கார்டுகளில் குடும்பத் தலைவர் பெயர் எழுதும்போதெல்லாம் உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவருக்கு மூன்று பெரியவர்களுக்குப் பதிலாக எட்டுப் பெரியவர்கள் என்று எழுதி வைத்தேன். ஹெட் கிளார்க் அதைக் கிழித்துவிட்டு, "ராத்திரியில தூங்கறதே கிடையாதா?" என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. அதுதான் வினை. கண் விழித்தபோது செம்பூர் தாண்டி மான்குர்ட் ஸ்டேஷன். திரும்பும் வண்டிக்கு வெகுநேரம் என்றார்கள். உப்புக் காற்றில் தண்டவாளத்து ஓரமாகவே நடந்தேன். மடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பயிற்சி முடிந்து எல்லாரும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை. ஒரு குரலுக்கு ஒருவராக நிறுத்தினார் சாமியார். முதலில் மாட்டுங்காக்காரன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்று, ஒரு அசைவு இல்லாமல் பாடினான். அந்த ஆறு நாளில் அவன் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான் என்பது அவன் கழுத்து நரம்பில் தெரிந்தது.

அடுத்து நான். மேல் குரல்கள் வந்தன. கார்டு தொடங்கினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஆறு. ஏழு. எட்டு. மூச்சு நெஞ்சு நிறைய இருந்தது. அவர் குரல் அந்த நேரத்தில்தான் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் போய் நிற்க என்னால் முடியவில்லை. அவர் முடித்த பிறகு நுழைந்தேன். சுருதி சுத்தமாகத்தான் இருந்தது.

சாமியார் கத்தவில்லை. "ஒன் குரல் நல்ல குரல்தாம்ல. ஆனா நீ வந்து சேருததுக்குள்ள மத்த மூணு பேரும் அடுத்த ஊருக்குப் போயிடுதாவளே" என்றார். ஒரு டீச்சர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாட்டுங்காக்காரன் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றான். "நான் வேணும்னா விலகிக்கறேன்னு சொல்லட்டுமா? எங்காத்துலேந்து யாரும் கேக்க வரப்போறதில்லை."

"வேண்டாங்க. நீங்க சரியா வந்தீங்க" என்றேன். அது உண்மை.

அன்றே நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். அரிசியைக் கொடுத்தாகிவிட்டது, பத்து நாளும் இருந்துவிடுவோம் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஆபீசிலிருந்து தாராவி நடக்கிற தூரம்தான். போய் ஐயாவிடம் சொல்லவில்லை. சாயங்காலம் பயிற்சியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐயா வந்தார். தோல் வாடை போக சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்திருந்தார்; கை விரலெல்லாம் தோல் சுருங்கியிருந்தது. வாசலில் காவல்காரனிடம், மகன் உள்ளே பாடுகிறான் என்று இந்தியும் தமிழுமாகச் சொல்லத் தொடங்கினார்: "மேரா லட்கா, அந்தர் காத்தா ஹை, இவன்தான், இன்னைக்கு எல்லாரும் வந்து—"

"ஐயா, நான் பாடல" என்றேன்.

காவல்காரனுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. ஐயா என்னையே பார்த்தார்.

"எப்பச் சொன்னாவ?"

"வியாழக்கிழம."

"அப்ப மூணு நாளா இங்க என்னல செஞ்ச?"

"கேட்டுக்கிட்டிருந்தேன்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். "சரி, வா. எங்க உக்காரணும்?" என்றார்.

பின்னால் இடம் பிடித்தோம். முதல் பாட்டே எங்கள் பாட்டு. மேல் குரல் தொடங்கியதும் ஐயா என் காதருகில் குனிந்தார்.

"இதுல ஒன்னோடது எது?"

"நாலாவதா வரும்."

கார்டு தொடங்கினார். எட்டில் மாட்டுங்காக்காரனும் பாந்திராக்காரரும் நுழைந்தார்கள். துல்லியமாக.

"அந்த ஐயரு பையனா?"

"ஆமா."

"என்னல, அவரு பாடிக்கிட்டிருக்கும்போதே வந்துட்டான்?"

"அதான் சரி ஐயா. அப்படித்தான் எழுதியிருக்கு."

ஐயா கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டார். ஆளாளுக்கு ஒன்றைப் பாடினாலும் எங்கேயோ போய் ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தது. "எனக்கு என்னமோ அவன் அவசரப்பட்ட மாதிரிதான் இருக்கு" என்றார். அவர் தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் பட்டது. முந்தின நாள் இரண்டு ஷிப்ட் பார்த்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கைதட்டலில் அவர் விழித்தார்.

"முடிஞ்சிட்டா?"

"இன்னும் மூணு இருக்கு. போவமா?"

"இருல. வந்தாச்சுல்லா, கேட்டுட்டுப் போவம்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.