ஒற்றக்கா எழுதிய ஒரே வரி

அச்சகத்தில் எல்லாரும் அவளை ஒற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறாள். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு சிவப்புப் பேனா, ஒரு பென்சில். சிவப்பு, திருத்தத்துக்கு. பென்சில், அவளுடைய சொந்த வயிற்றெரிச்சலுக்கு. பிழைகள் படுத்தும் பாட்டையெல்லாம் தாளின் ஓரத்தில் பென்சிலால் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் ரப்பரால் அழித்து அனுப்புவாள்.

கணினியில் திருத்தம் போடும் பெண் முன்பெல்லாம் கால்புள்ளிக்குக்கூட எழுந்து வந்து சந்தேகம் கேட்பாள். ஒருநாள் ஒற்றக்கா சட்டம் போட்டுவிட்டாள்: "சிவப்புல இருந்தா கேள்வி கேக்காத. போடு." அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நிம்மதி.

உண்மையில் ஒற்றக்கா கதை படிப்பதே இல்லை, எழுத்தைத்தான் பார்ப்பாள். இந்த ஒரு நாவலை மட்டும் படித்ததற்குக் காரணம் கல்லூரியில் படிக்கும் மகள். அந்த எழுத்தாளரின் மாயக் காதல் கதைகளை அவள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவாள். அவருடைய புது நாவல் அம்மாவிடம் திருத்தத்துக்கு வருகிறது என்று தெரிந்ததும், "உனக்கு என்னம்மா தெரியும், நீ பிழை மட்டும்தானே பாப்ப" என்றாள். ஒற்றக்காவுக்குச் சுருக்கென்றது. மகள் அவளோடு பேசுவதே சாவி எங்கே, சார்ஜர் எங்கே என்ற அளவுக்கு வந்துவிட்டது. இதை ஒழுங்காகப் படித்தால் சாப்பிடும்போது பேச ஒரு விஷயமாவது கிடைக்குமே என்ற ஆசையில் உட்கார்ந்தாள்.

முதல் அத்தியாயம் அருமை. பகலில் கல்லாகவும் இரவில் மனிதனாகவும் இருக்கும்படி சபிக்கப்பட்ட இளவரசன். அவனைத் தேடி வரும் இளவரசி. டீ ஆறிப்போனதைக்கூட ஒற்றக்கா கவனிக்கவில்லை. ஐம்பதாம் பக்கத்தில் இளவரசி வாயைத் திறந்தாள், அதோடு போச்சு. அப்படியொரு சிடுமூஞ்சியை ஒற்றக்கா சொந்தக்காரர்களில்கூடப் பார்த்ததில்லை. இளவரசன் அவளைச் சுமந்துகொண்டு ஏழு மலை தாண்டி இறக்கிவிட்டால், காற்றில் கூந்தல் கலைந்துவிட்டதென்று மூன்று பக்கத்துக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள். எழுத்தாளரோ பக்கத்துக்குப் பக்கம் அவளை 'வீராங்கனை' என்கிறார். "எதில்?" என்று ஒற்றக்கா ஓரத்தில் கேட்டுக் கேட்டே பென்சில் தேய்ந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இளவரசியின் கைக்கண்ணாடி ஆற்றில் விழுகிறது. எடுக்கக் குதித்த தோழி திரும்பி வரவேயில்லை. நடுப்பகல், இளவரசன் பக்கத்தில் கல்லாக நிற்கிறான். இளவரசி பெருமூச்சு விட்டு, "அது வெள்ளிக் கண்ணாடி ஆயிற்றே" என்கிறாள். ஒற்றக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்குக் கிடைத்ததை எடுத்து ஓரத்தில் எழுதினாள்: உனக்காக செத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் நீ குறைந்தா போய்விடுவாய்? எழுதி முடித்த பிறகுதான் மூச்சு வந்தது. கைக்குக் கிடைத்தது சிவப்புப் பேனா என்பதை அவள் பார்க்கவில்லை.

கணினிப் பெண் கேள்வி கேட்கவில்லை. போட்டாள். பேச்சுப்போல் இருந்ததால் மேற்கோள் குறியும் சேர்த்துவிட்டாள். ஆற்றங்கரையில் இளவரசியைத் தவிர நின்றது கல் ஒன்றுதான், அதனால் பேசியது கல் என்று ஆயிற்று. அது கடைசித் திருத்தம். அதற்குமேல் யாரும் பார்ப்பதில்லை.

புத்தகம் வந்த வாரம், காலைச் சாப்பாட்டின்போது ஒற்றக்கா ஆசையாக ஆரம்பித்தாள்.

"அந்த இளவரசி இருக்காளே..."

"அவளை விடும்மா, எனக்கும் பிடிக்கல. கதையே ஏமாத்தம்தான். ஆனா ஒரு இடம் இருக்கு பாரு, பட்டப்பகல்ல கல்லு பேசுது! சாபத்தையே மீறிப் பேசுது. கேளு."

மகள் அந்த வரியை வாசித்தாள். வாசிக்கும்போதே அவள் குரல் உடைந்தது. தான் ஓரத்தில் எழுதிய அதே வரி என்று ஒற்றக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏம்மா முகம் வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல. நல்ல வரிதான்."

"எழுத்தாளர்னா சும்மாவா?" என்று சொல்லிவிட்டு மகள் கல்லூரிக்குக் கிளம்பினாள்.

மூன்றாம் வாரம் முதலாளி கூப்பிட்டுவிட்டார். வேலை போச்சு என்று முடிவுகட்டி, மேஜையில் இருந்த மாற்று மூக்குக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் போனாள். உள்ளே எழுத்தாளர் உட்கார்ந்திருந்தார். வாயெல்லாம் பல்.

"அந்தக் கல்லு பேசுற வரிக்கு மட்டும் எத்தனை கடிதம் தெரியுமாம்மா? சத்தியமா சொல்றேன், அதை எழுதினதா எனக்கு ஞாபகமே இல்ல. தானா வந்திருக்கு."

"இருக்கும் சார்."

"ரெண்டாம் பதிப்பு போடுறோம்" என்றார் முதலாளி. "அந்த வரியை மட்டும் தொட்டுடாதீங்கக்கா."

பேசாமல் வந்திருக்கலாம். இருபத்திரண்டு வருடப் பழக்கம் விடவில்லை. "அதுல ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கு சார். 'உனக்காகச்'னு வரணும்."

எழுத்தாளர் சிரித்தார். "கல்லுக்கு ஏதும்மா இலக்கணம்? அப்படியே இருக்கட்டும்."

ஒற்றக்கா தன் மேஜைக்குத் திரும்பினாள். அச்சில் ஏறிய அவளுடைய ஒரே வரி. அதில் ஒரு பிழை. அதைத் திருத்த அவளுக்கே அனுமதி இல்லை. அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் பதிப்பில் எழுத்தாளர் கையெழுத்துப் போட்டுத் தருகிறார் என்று மகள் அதையும் வாங்கி வந்தாள். நேராக முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

"அம்மா, இங்க 'ச்' வரணும்ல? சின்ன வயசுல நீதானே சொல்லிக்குடுத்த. புத்தகத்துலயே உருப்படியான வரி இது ஒண்ணு. அதுல போய்க் கோட்டை விட்டிருக்கியே!"

ஒற்றக்கா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். பென்சில்தானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மகளின் புத்தகத்தில் அந்த 'ச்'சைப் போட்டாள்.

"கோபத்துல சொல்லும்போது ஒற்று விட்டுப்போயிருக்கும்."

"யாருக்கு, கல்லுக்கா?"

"ஆமா" என்றாள் ஒற்றக்கா. "கல்லுக்குத்தான்."