குண்டு விழாத தெரு

மைசூரு அக்ரஹாரத்தில் ஜடையன் குடியிருக்கும் சந்துக்கு ஒரு பெயர் உண்டு. அதைத் தமிழில் ஒரு தடவை எழுதிப் பார்த்துவிட்டால் அந்த மனிதர் பட்ட பாடு பாதி புரிந்துவிடும். குண்டி பீதி. கன்னடத்தில் குண்டி என்றால் பள்ளம், பீதி என்றால் தெரு. ஒரு காலத்தில் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம் தெருமுனையில் இருந்ததாம், அவ்வளவுதான் விஷயம். பள்ளத்தை மூடி மாவு மில் வந்தது, மில் போய் மொபைல் கடையும் வந்துவிட்டது, பெயர் மட்டும் அசையவில்லை. கன்னடக்காரர்கள் அதைக் கல்யாணப் பத்திரிகையில் கூசாமல் அச்சடிக்கிறார்கள். அவர்களுக்கென்ன, அவர்கள் பாஷையில் அந்த வார்த்தை ஒழுங்காக வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது. தமிழுக்குள் வந்ததும்தான் அவிழ்ந்துவிடுகிறது.

ஜடையன் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் வீட்டுப் பிள்ளை. வாலிபத்தில் கொள்ளேகால் வழியாக மைசூருக்கு வந்து ஒரு பார்சல் ஆபீஸில் புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்தார், இன்றைக்கும் அதே நாற்காலிதான். அடுத்தவர் விலாசங்களை உரக்கப் படித்துச் சரிபார்ப்பது அவர் உத்தியோகம். சொந்த விலாசத்தை மட்டும் அவர் தமிழ்க் காதுகளுக்குக் கேட்கும்படி சொன்னதே கிடையாது. பெண் எடுத்த இடம் அந்தியூர். கல்யாணமான புதிதில் மாமனார் மைசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். மகள் கடிதத்தில் எழுதியிருந்த தெருப் பெயரை ஆட்டோக்காரனிடம் சொல்லும் துணிச்சல் வராமல், மகளுக்காகச் சுமந்து வந்த வாழைத்தாரோடு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். அன்றிலிருந்து மனைவி ராமக்காள் யார் கேட்டாலும் "புள்ளையார் கோயிலுக்குப் பின்னாலீங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். மைசூரில் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இல்லாத தெருவைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இப்படி மென்று விழுங்கிக் காலம் தள்ளியவருக்கு மகள் மனிஷாவின் கல்யாணப் பேச்சில் வந்தது வினை. அவள் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். தமிழைவிடக் கன்னடம் சரளம். கோபிப் பக்கத்திலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. பையன் கவின்ராஜ் பாங்க் வேலை. பையனின் அப்பா காளியப்பன் பட்டாளத்தில் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல் சுத்தம் என்றால் உயிரையே விடுவார். போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறது என்று பெண்வீட்டார் பொய் சொன்னதற்காகப் போன வருஷம் ஒரு சம்பந்தத்தையே முறித்தவர். அதை அவரே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

"ஜாதகம் பத்துக்கு ஒம்போது பொருந்தியிருக்குதுங்க, ரெண்டு ஜோசியர்கிட்டக் காட்டிட்டேன்" என்று அவர் போனில் சொன்னபோது ஜடையனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த இடம் அமைய வேண்டும் என்று மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொண்டிருந்தார். உடனே அடுத்த கேள்வி வந்தது.

"ஊடு பாக்க வர்றமுங்க. தெருப் பேரு என்னங்க?"

"குண்... குண்டு... குண்டுத் தெருவுங்க."

"குண்டா? என்ன குண்டுங்க?"

"பீரங்கிக் குண்டுதானுங்க. திப்பு காலத்துச் சண்டைல இங்க வந்து உழுந்ததாம். செவுத்துலயெல்லாம் இன்னும் ஓட்டை இருக்குதுங்க."

சண்டை நடந்தது ஸ்ரீரங்கப்பட்டணத்தில். அங்கே விழுந்த குண்டை ஒரே மூச்சில் ஆறு தாண்டித் தூக்கிவந்து அக்ரஹாரத்தில் போட்ட வீரர், உலக சரித்திரத்தில் ஜடையன் ஒருவராகத்தான் இருப்பார். அந்தப் பக்கம் காளியப்பன் துள்ளிவிட்டார்.

"அட, நானே பீரங்கிக்காரன்! அதையப் பாக்காம உடுவனா? வர்ற ஞாயித்துக்கெழமெ வர்றமுங்க."

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு யுத்தத்தை நடத்தி முடிக்க வேண்டியதாயிற்று. தெரு ஒத்துழைத்தது. காஸ் குழாய்க்கு ஒரு கூட்டம், கேபிளுக்கு ஒரு கூட்டம் என்று மாறி மாறித் தோண்டி, நடக்கவே வழியில்லாமல் கிடந்தது. எப்போதும் அவர்களை வைகிற ஜடையன் இந்த முறை தோண்டினவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எதிர்வீட்டு கௌரம்மாவின் பழைய சுவரில் வட்ட வட்டமாக ஓட்டைகள் இருந்தன. வெள்ளையடிக்கச் சாரம் கட்டியவன் கம்புகளை உருவிக்கொண்டு, ஓட்டைகளை அடைக்காமல் போய்விட்டான். அவை குண்டடிபட்ட காயங்களாகப் பதவி உயர்வு பெற்றன. தெருப் பெயர்ப் பலகையை மறைக்க, ஒரு தலைவரின் பழைய பிறந்தநாள் ஃபிளெக்ஸ் கிடைத்தது. அதைக் கட்டியதை யாரும் கேட்கவில்லை. தலைவர் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவிழ்க்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

மிச்சம் கௌரம்மாதான். நல்ல மனுஷி, தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. விருந்தாளிகள் முன்னால் தெருப் பெயரைச் சொல்லாதீர்கள் என்று ஜடையன் கன்னடத்தில் கெஞ்சினார். ஏன் என்று அவள் கேட்டாள். தமிழில் அதற்கு வேறு அர்த்தம் என்றார். என்ன அர்த்தம் என்று ஆசையாகக் கேட்டாள். ஜடையன் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை காளியப்பன் மனைவி மாரியம்மாவோடும் மகனோடும் வந்தார். வீட்டுக்குள் வந்து உட்காரவில்லை, காபி வேண்டாம் என்றார், நேரே சுவருக்குப் போனார். ஓட்டைக்குள் விரலை விட்டார். ஜடையன் மகளின் வாழ்க்கை அந்த விரல் நுனியில் இருந்தது.

"தெக்கால இருந்து அடிச்சிருக்கறான்" என்றார் காளியப்பன். "கோணத்தப் பாருங்க. இது சின்னப் பீரங்கி, அது பெருசு." பிறகு விரலை முகர்ந்தார். "இத்தன வருசமாயும் மருந்து வாசம் போகலீங்க!"

மருந்து வாசம் அடித்தது உண்மைதான். போன வாரம் கௌரம்மா எறும்பு மருந்து போட்டிருந்தாள். ஹவில்தார் நெஞ்சை நிமிர்த்தி அங்கேயே ஒரு சொற்பொழிவு ஆற்ற, கவின்ராஜ் அதை மொபைலில் பிடித்து, அப்பா சொன்ன கையோடு சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டான். சல்யூட்டுகள் வந்து குவிந்தன. ஜடையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்து கௌரம்மா கை நிறைய மைசூர் மல்லிகையோடு வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "பன்னி, பன்னி! நம்ம குண்டி பீதிகெ பன்னி!"

வாருங்கள், எங்கள் தெருவுக்கு வாருங்கள் என்றுதான் அந்தப் புண்ணியவதி சொன்னாள். கோபிக் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். காளியப்பன் மீசை துடிக்க ஜடையனைப் பார்த்தார். அதுவரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த மனிஷாவால் அடக்க முடியவில்லை.

"ஐயோ மாமா, திட்டலை அவங்க! குண்டின்னா கன்னடத்துல பள்ளம். பன்னின்னா வாங்க. தெருப் பேரே அதுதான். இந்த ஓட்டையெல்லாம் பெயின்ட் அடிக்கறப்ப கம்பு விட்டது."

சொன்ன பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஜடையனுக்கு நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது. அதற்கும் வசதியாக நாலு இடத்தில் பிளந்துதான் கிடந்தது.

எல்லோரும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். காளியப்பன் கத்துவார் என்று ஜடையன் காத்திருந்தார். அவர் கத்தவில்லை. மொபைலை எடுத்துப் பார்த்தார். சல்யூட்டுகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. கடைசியாகத் தொண்டையைச் செருமினார்.

"நடந்தது நடந்துபோச்சு. குண்டு குண்டாவே இருக்கட்டும். பத்திரிகைல குண்டுத் தெருன்னே அடிச்சுருங்க. எங்கூர்ல ஆரு கேட்டாலும் புள்ளையும் அப்படியே சொல்லோணும். சண்டைல உழுந்த குண்டுன்னு. அந்த வார்த்தை மட்டும் எங்கூட்டு வாசப்படி ஏறக் கூடாது."

போர்வெல் பொய்க்குச் சம்பந்தத்தையே முறித்த சொல் சுத்தம், தன் மானம் என்றதும் அரை நிமிஷத்தில் இப்படி இறங்கிவந்தது. மனிஷா கவின்ராஜைப் பார்த்தாள். "அப்பா சொன்னாச் சரிதான்" என்று அவன் மொபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஆக, ஜடையன் வேண்டிக்கொண்டது கைக்கு வந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராமக்காள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் வாயைத் திறந்தபோது மகள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நோட்டு ஒவ்வொன்றிலும் இந்தத் தெருப் பெயரை மனமொப்பி எழுதினவள் அவள். ஒரு நாளும் கூசியதில்லை. இனி பொங்கலுக்குப் பொங்கல், கல்யாணத்துக்குக் கல்யாணம், கேட்கிறவர்களுக்கெல்லாம் நடக்காத சண்டையைச் சொல்லிக்கொண்டு திரியப் போகிறாள். தான் ஆயுள் முழுக்க விழுங்கியதை மகளுக்குச் சீராகக் கொடுத்தனுப்புகிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது. தெருவை நினைத்து அல்ல, முதல் தடவையாகத் தன்னை நினைத்து.

"இல்லீங்க சம்பந்தி" என்றார். "பொய் சொன்னது நானு. அதுக்கு மன்னிச்சுக்குங்க. எம்புள்ள அதையச் சொல்ல மாட்டா. அவ பொறந்தது குண்டி பீதிலதானுங்க. பத்திரிகைல அப்படியேதான் அடிக்கோணும்."

காளியப்பன் எழுந்துவிட்டார். காபி ஆறிக்கொண்டிருந்தது. தெரு கிடக்கிற கிடையில் வண்டி உள்ளே வராது என்று டிரைவர் சொல்லிவிட்டதால், முனை வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. ஹவில்தார் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று முன்னால் போனார். அவர் காலடியில் வாய் பிளந்து கிடந்த கேபிள் பள்ளத்தைப் பார்த்துவிட்ட கௌரம்மா பதறிப்போய்ப் பின்னாலிருந்து கத்தினாள்.

"குண்டி! குண்டி நோடி!"

பள்ளத்தைப் பாருங்கள் என்று அர்த்தம். அர்த்தம் சற்று முன்புதான் அவருக்கு விளக்கப்பட்டிருந்தது. என்ன செய்வது, ஆபத்தில் தாய்மொழிதான் முதலில் ஓடி வருகிறது. காளியப்பன் சட்டென்று திரும்பினார், ஒரு கை தானாகப் பின்பக்கம் போய்ப் பேண்ட் கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தது, அப்படியே இடுப்பளவு பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார். ஜடையன்தான் ஓடிப்போய்க் கை கொடுத்துத் தூக்கினார். மாரியம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது அழுகையால் அல்ல.

ஒரு வாரம் கழித்துச் செய்தி வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். இரண்டு ஜோசியர்களுமே சொல்லிவிட்டார்களாம். ராமக்காள் அழுதாள். ஜடையனுக்கும் நெஞ்சு கனத்தது. நல்ல இடம் போய்விட்டதே என்ற வருத்தம் இல்லாமல் இல்லை. மனிஷா மட்டும் எப்போதும் போல் ஸ்கூட்டியைப் பள்ளத்துக்குப் பள்ளம் ஒடித்து ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

ஆடி கழிந்ததும் சத்தியமங்கலத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். பையன் படிப்பு, வேலை எல்லாம் சொன்னார். குரல் மரியாதையாக இருந்தது. வீடு எந்தத் தெருவுங்க என்று கேட்டார்.

ஜடையன் ஆபீஸில் அடுத்தவர் விலாசத்தைப் படிக்கிற அதே குரலில், ஒவ்வொரு எழுத்தும் விளங்கச் சொன்னார். அந்தப் பக்கமிருந்து, அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் பீறிட்டு ஒரு சிரிப்பு வந்தது.

"சிரிச்சு முடிச்சுக்குங்க" என்றார் ஜடையன். "அப்பறம் பேசுவோமுங்க. நான் லைன்லயே இருக்கறனுங்க."